கரண்ட் போனாலும் மணி அடிக்க வேண்டும்: கிளை அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி

கல்முனையில் கரண்ட் போனால் முதலில் அடங்கிப்போவது தொலைபேசி. செம்புக் கம்பி லைன் இருந்த காலத்தில் இப்படி இல்லை. 067 லைனுக்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, அங்குள்ள பெரிய பெட்டரிகளிலிருந்து, 48 வோல்ட்டாக அதே கம்பியில் வந்தது. வீடு இருட்டில் கிடந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன் கேட்கும். பைபர் வந்தபோது அந்த வசதி போய்விட்டது. போனதைப் பலர் கவனிக்கவும் இல்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி நம்முடைய பிளக்கை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. அது அணைந்தால் இணையமும் இல்லை, அதன் பின்னால் செருகியிருக்கும் வீட்டுத் தொலைபேசியும் இல்லை.

சாய்ந்தமருதில் நான்கு மேசை போட்ட ஒரு கிளை அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி பொருத்தும் வேலையோடு இந்த விமர்சனம் தொடங்கியது. தலைமையகம் கொழும்பில். வாடிக்கையாளர் கொழும்பு எண்ணுக்கு எடுத்தால் மணி இங்கே அடிக்க வேண்டும். இங்கிருப்பவர் பேச வேண்டும். நடுவே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் இருப்பது மறுமுனையில் தெரியவே கூடாது. இந்தக் கரையோரத்தில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இப்போது இத்தகைய அலுவலகங்கள் கூடிவருகின்றன. படித்த பிள்ளைகள் ஊரிலேயே இருந்து வேலை செய்ய இது நல்ல வழி. அந்த வழி ஒரு மட்டமான அடாப்டரால் அடைபடக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

சாமான்களை நான் எடைபோட்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. பழுதானால் அங்கே மேசையில் இருக்கிறவர், போனில் வழிகேட்டுக்கொண்டு, தன் கையாலேயே சரிசெய்ய முடியுமா? கொழும்பிலிருந்து ஆள் வருவதென்றால் ஓர் இரவு பஸ் பயணம், மறுநாள் வேலை, மறுபடி ஓர் இரவு. அந்தச் செலவில் இன்னும் சில தொலைபேசிகள் வாங்கிவிடலாம். ஆகவே அதிக வசதிகள் உள்ள கருவியைவிட, எளிதில் மாற்றக்கூடிய கருவிக்குத்தான் இங்கே மதிப்பெண்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். "எங்கட இணையம் இதுக்குக் காணுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜி.711 என்ற பழைய, நம்பகமான குறியாக்கத்தில் குரல் நொடிக்கு 64 கிலோபிட். அது நொடிக்கு 50 பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் முகவரி விபரம் சேர்ந்தபின், ஏறக்குறைய 87 கிலோபிட் ஆகிறது. ஜி.729 என்ற குறியாக்கத்தில் அதே கணக்கு 31 கிலோபிட்டில் முடியும். நான்கு பேர் ஒரே நேரத்தில் ஜி.711இல் பேசினாலும் ஒரு திசைக்கு 350 கிலோபிட்தான் வேண்டும். எந்த பைபர் பொதியும், சுமாரான 4ஜி கூட, இதைத் தாங்கும். தூரமும் ஒரு பொருட்டில்லை. இழைக்குள் ஒளி ஒரு மில்லி வினாடியில் 200 கிலோமீட்டர் போகிறது. நடுவில் வளைந்து நெளிந்து 400 கிலோமீட்டர் ஓடினாலும் 2 மில்லி வினாடியில் கொழும்பு வந்துவிடும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

அப்படியானால் குரல் ஏன் வெட்டி வெட்டி வருகிறது? வெளியே அனுப்பும் பாதையில் வரிசை நிற்பதால். ஒருவர் ஒரு பெரிய வீடியோவை இணையக் கிடங்குக்கு ஏற்றுகிறார், அல்லது வாசல் கெமரா தன் பதிவை வெளியே அனுப்புகிறது. ரவுட்டர் அந்தப் பொட்டலங்கள் எதையும் கைவிட மனமில்லாமல் எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் அடுக்கிவைக்கிறது. அந்த அடுக்கின் கடைசியில் போய் நிற்கிறது "ஹலோ, யார் பேசுறது?" என்ற குரல். இதை யாரும் சோதிக்கலாம். ஒரு கணினியில், அழைப்புகளை இணைக்கும் கொழும்பு சேர்வருக்கு பிங் (பதில் வரும் நேரத்தை மில்லி வினாடியில் காட்டும் சோதனை) ஓடவிட்டு, இன்னொரு கணினியில் பெரிய கோப்பொன்றை ஏற்றத் தொடங்குங்கள். அலுவலகத்தில் இதைச் செய்தபோது, இருபதுகளில் நின்ற எண் ஏற்றம் தொடங்கியதும் சில நூறுக்குத் தாவியது. கோப்பு போய் முடிந்ததும் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. மேசைக்கு மேசை புதுத் தொலைபேசி வாங்கி வைத்தாலும் இந்தக் குறை தீராது.

தீர்வது ரவுட்டரில். நான் பொருத்தியது லத்வியா நாட்டு மைக்ரோட்டிக் நிறுவனத்தின் ஹெக்ஸ். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, ஐந்து துவாரம், வைபை கிடையாது. வைபை இல்லாததை நான் குறையாக எண்ணவில்லை. அதை வேறொரு மலிவுப் பெட்டி பார்த்துக்கொள்ளட்டும், அது செத்தாலும் தொலைபேசி பிழைத்திருக்கும். ஹெக்ஸின் மென்பொருளின் ஏழாம் பதிப்பில் 'கேக்' என்ற வரிசை முறை இருக்கிறது. நம் லைனின் உண்மையான மேலேற்ற வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 90 சதவீதத்தை எல்லையாகக் கொடுத்தால் போதும். வரிசை இப்போது பைபர் பெட்டிக்குள் தேங்காமல் ஹெக்ஸின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பெரிய கோப்பும் சின்னக் குரலும் மாறி மாறி வழிவிட்டுப் போகின்றன. அதே வீடியோவை மறுபடி ஏற்றியபோது பிங் எண் பெரிதாக அசையவில்லை. இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பெரிய திருப்தி தந்த நிமிடம் அதுதான். மேசையில் இருந்த தங்கச்சி ஒருத்தி, ஏற்றம் நடக்கிற நேரத்திலேயே கொழும்போடு பேசிக்கொண்டிருந்தாள். எதையும் அவள் கவனிக்கவில்லை. கவனிக்காததுதான் நான் எதிர்பார்த்த விடை.

ஹெக்ஸின் குறையையும் சொல்ல வேண்டும். அதன் அமைப்புத் திரை பழக்கமில்லாதவரை மிரட்டும். நூற்றுக்கணக்கான பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் சில. கிளை அலுவலகத்தில் யாரும் அதைத் தொட வேண்டிய நிலை வரக்கூடாது. ஆகவே இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் ஒரே அமைப்பை ஏற்றி, ஒன்றை லேபல் ஒட்டி அலுமாரியில் வையுங்கள். ஓடுகிற பெட்டி எரிந்தால் வயர்களை அதே வரிசையில் மற்றதில் செருகினால் வேலை முடிந்தது. விலையுயர்ந்த ஒரு ரவுட்டரைவிட இந்த விலையில் இரண்டு ஹெக்ஸ், அதுவும் இவ்வளவு தூரத்திலிருக்கும் அலுவலகத்துக்கு, எவ்வளவோ மேல்.

இனி தொலைபேசிகள். மேசைக்கு நான் எடுத்தது யீலிங்க் டி31பி. 2.3 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு எஸ்.ஐ.பி. (இணைய அழைப்பு) கணக்கு, ஹெட்செட்டுக்குத் தனித் துவாரம், பின்னால் இரண்டு நெட்வேர்க் துவாரம். ஒன்றில் சுவர் வயரும் மற்றதில் கணினியும் செருகலாம். ஆகவே மேசைக்கு ஒரு வயர் போதும். இந்தத் துவாரங்களின் வேகம் 100 மெகாபிட்தான். மேசைக் கணினிகளுக்கிடையே பெரிய கோப்புகளைப் பரிமாறும் அலுவலகமென்றால் அதன் அண்ணன் டி31ஜி-யை எடுக்க வேண்டும். இங்கே அதற்குத் தேவை இருக்கவில்லை. வாங்கும்போது ஒன்றைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். டி31 என்று மட்டும் எழுதிய பெட்டியும் விற்பனைக்கு உண்டு. உருவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடைசியில் 'பி' இல்லாத அது நெட்வேர்க் வயரிலிருந்து கரண்ட் எடுக்காது.

கையில் எடுத்தால் ரிசீவர் கனமாகவும் இல்லை, பொம்மை போலவும் இல்லை. பொத்தான்கள் அழுத்தமாக இறங்கி எழுகின்றன. இரைச்சல் வடிப்பு எப்படியென்று பார்க்கக் கல்முனை வீதியைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. பஸ்ஸின் கோன், மீன்காரரின் மோட்டார் சைக்கிள், பின்னேரத்தில் பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' இசையைப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோ, தலைக்கு மேல் எந்நேரமும் சுழலும் மின்விசிறி. ரிசீவரில் பேசியபோது மறுமுனையில் பாண் ஆட்டோ எங்கோ தூரத்தில் கேட்டது. விசிறி கேட்கவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபோது எல்லாமே கேட்டன. சின்ன அறையில் நான்கு பேர் ஸ்பீக்கரில் பேசுவது நடக்காத காரியம். நாள் முழுவதும் பேசுகிறவருக்கு ஒரு காது மூடிய, வயர் பூட்டிய ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள், கழுத்தும் பிழைக்கும்.

ரிசீவரின் சுருள் வயரும் ஹெட்செட் முனையும் சாதாரண நான்கு ஊசிச் செருகிகள். அறுந்தால் நகரத்தில் எந்த டெலிபோன் சாமான் கடையிலும் மாற்று கிடைக்கும். இதை ஒரு பெரிய தகுதியாகவே எண்ணுகிறேன். தொலைபேசியில் முதலில் தேய்வது அந்தச் சுருள்தான். கடலிலிருந்து சில நூறு மீட்டரில் இருக்கும் கட்டடத்தில் உப்புக்காற்று எந்தச் செருகியையும் சும்மா விடாது. முலாம் மெல்லிய ஊசிகளில் பச்சை படியும், குரல் கரகரக்கும், ஆட்டிவிட்டால் சரியாகும், பிறகு மறுபடி கெடும். தங்கமுலாம் தடிப்பாக உள்ள செருகிகளுக்குக் கொடுக்கும் சில ரூபாய் இங்கே வீண்போகாது.

நான்கு மேசைக்கும் இதே மாதிரி தேவையில்லை. வாசலில் இருக்கும் காவலாளி மேசைக்கும் பின்னறைக்கும் வேறு வழி வைத்தேன். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 என்பது தீப்பெட்டிகள் சிலவற்றை அடுக்கினாற்போன்ற ஒரு சின்னக் கருவி. ஒரு பக்கம் நெட்வேர்க் வயர், மறுபக்கம் சாதாரண பழைய தொலைபேசி. அதில் ஒரு பனசோனிக் கேஎக்ஸ்-டிஎஸ்500 செருகினேன். எல்லா வீட்டிலும் இருந்த, திரை கூட இல்லாத, தனி மின்சாரம் வேண்டாத அந்த வயர் போன். யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கீழே விழுந்தால் எடுத்து வைத்துப் பேசலாம். செத்தால் வேறொன்றைச் செருகலாம், கணக்கு விபரங்கள் எல்லாம் கருவிக்குள்ளேயே இருக்கும். எச்டி801 வேலை செய்வது 5 வோல்ட்டில், பழைய கைப்பேசிச் சார்ஜர் முனையில். கரண்ட் போன நேரத்தில் ஒரு பவர் பேங்க் கொண்டே அதை ஓட்டலாம். இந்தத் தொகுப்பில் என் மனதுக்கு மிக நெருக்கமான சாமான் இதுதான். இதற்குத் திரையில்லை, விலாசப் புத்தகமில்லை, அழைப்பை மாற்றிவிட நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்த வேண்டும். நாள் முழுக்க வாடிக்கையாளரோடு பேசுகிறவருக்கு ஏற்றதில்லை. வாசலுக்கும் கிட்டங்கிக்கும் இதைவிட வேறொன்று வேண்டாம்.

கைப்பேசியில் செயலி போட்டு ஓட்டலாமே என்பார்கள். நடமாடும் ஒருவருக்கு அது சரி. அழைப்பை எடுப்பதே வேலையாக உள்ளவருக்கு, பெட்டரி சேமிக்கும் பெயரில் பின்னணிச் செயலிகளை மூடிவிடும் கைப்பேசியை நம்பக் கூடாது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிஸ்கோ 7940, 7960 மேசைத் தொலைபேசிகளையும் விட்டுவிடுங்கள். பார்வைக்குக் கம்பீரம். ஆனால் அவை அந்த நிறுவனத்தின் சொந்த எக்ஸ்சேஞ்சுக்கென்று செய்யப்பட்டவை. வயர்வழி மின்சாரமும் பொதுத் தரம் வருவதற்கு முந்திய சொந்த முறை. பொதுச் சேர்வரோடு பேசவைக்க உள்ளிருக்கும் மென்பொருளையே மாற்ற வேண்டும். கிளை அலுவலகத்துக்கு அந்தத் தலையிடி எதற்கு?

மின்சாரத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையக் கோளாறால் தீவு முழுவதும் ஒரேயடியாக அணைந்தது. இப்படிப்பட்ட பெரிய நாட்களைத் தவிர, மழைக்காலத்தில் ஒரு மணி, இரண்டு மணிநேரத் தடைகள் நமக்குப் பழக்கம். ஆகவே எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் நாமே கணக்குப் போட வேண்டும்.

பைபர் பெட்டிக்கு சுமார் 8 வாட், ஹெக்ஸுக்கு 5 வாட், வயர்வழி கரண்ட் கொடுக்கும் சுவிட்சும் தொலைபேசிகளும் சேர்ந்து 12 வாட் என்று வைப்போம். மொத்தம் 25. கணினிக்கென்று கடைகளில் விற்கும் 650 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்மணி ஈயப் பெட்டரி. பெருக்கினால் 84 வாட்மணி. மூன்று மணிநேரம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்டி 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றுகிறது. நம் அடாப்டர்கள் அதை மறுபடி 12க்கு இறக்குகின்றன. ஏற்றத்திலும் இறக்கத்திலும் இழப்பு. பெட்டி தன் சொந்த வயிற்றுக்கும் எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை மணிநேரம் கிடைத்தால் சந்தோசம். பெட்டரிக்கு வயதேற அதுவும் குறையும். வெப்பம் 25 பாகையைத் தாண்டி ஒவ்வொரு 8 முதல் 10 பாகை கூடும்போதும் ஈயப் பெட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தெரிந்த கணக்கு. குளிரூட்டி இல்லாத நம் அறைகளில் மேசைக்கடியில் மூலையில் கிடக்கும் யு.பி.எஸ். இரண்டாம் வருடத்திலேயே சத்தமிடத் தொடங்குவதில் ஆச்சரியமில்லை.

இங்கேதான் ஹெக்ஸின் இன்னொரு குணம் கைகொடுக்கிறது. அது 8 முதல் 30 வோல்ட் வரை எந்த நேர்மின்னோட்டத்தையும் ஏற்கும். பெரும்பாலான பைபர் பெட்டிகளும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. ஆகவே 230-ஐ நடுவில் கொண்டுவராமல், பெட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுக்கும் சின்ன யு.பி.எஸ். போதும். பைபர் பெட்டியும் ஹெக்ஸும் மட்டும் சேர்ந்து 13 வாட். அதே 84 வாட்மணிப் பெட்டரி இப்போது ஐந்து மணிநேரத்தைத் தொடும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியாக எடுத்தால் வெப்பத்தையும் அடிக்கடி இறங்கி ஏறுவதையும் இன்னும் நன்றாகத் தாங்கும். வாங்கும்போது முனையின் அளவையும், பைபர் பெட்டியின் அடியில் எழுதியுள்ள அம்பியரையும் ஒப்பிடுங்கள். 1.5 அம்பியர் கேட்கிற பெட்டிக்கு 1 அம்பியர் கொடுத்தால் அது அணைந்து எரிந்து விளையாடும்; பழி இணையத்தின் மேல் விழும்.

மேசைத் தொலைபேசிகளுக்குத்தான் கொஞ்சம் சிக்கல். வயர்வழி மின்சாரம், 2003இல் வந்த 802.3ஏஎப் தரப்படி, 48 வோல்ட்டைச் சுற்றி ஓடுகிறது. ஒரு துவாரத்துக்கு 15.4 வாட் வரை. டி31பி எடுப்பது ஓரிரு வாட்தான். நான் வைத்த டிபி-லிங்க் டிஎல்-எஸ்எப்1005எல்பி சுவிட்ச் நான்கு துவாரத்துக்குமாகச் சேர்த்து 41 வாட் கொடுக்கும்; தாராளம். ஆனால் 12 வோல்ட் பெட்டரியில் அது நேரே ஓடாது. அதனால் சுவிட்சைப் பழைய மாதிரி யு.பி.எஸ்.ஸில் தனியாக விட்டேன். சுமை குறைந்ததால் அதுவும் கூடுதல் நேரம் நிற்கிறது. ஈயப் பெட்டரி முடிந்து மேசைத் தொலைபேசிகள் அணைந்தாலும், ஹெக்ஸும் எச்டி801உம் வாசல் மேசையின் பனசோனிக்கும் தொடர்ந்து பேசும். ஒரு மணியாவது கடைசிவரை அடிக்கும்.

மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இந்தக் கரையோரத்தில் பயங்கரம். செம்பு லைன் காலத்தில் மின்னல் டெலிபோன் கம்பி வழியாகவே மோடத்துக்குள் வந்தது. இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்துவரும் இழையோடு பாரம் தாங்க ஓர் இரும்புக் கம்பியும் ஒட்டி வரும். அது சுவருக்கு வெளியே கொளுக்கியோடு நிற்க வேண்டும், உள்ளே வரக் கூடாது. உங்கள் அலுவலகத்தில் எப்படியென்று வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். நிலத்தில் எதையும் வைக்காதீர்கள். வடகீழ்ப் பருவமழையில் முழங்காலளவு தண்ணீர் வந்த கட்டடங்கள் இந்த ஊர்களில் எத்தனையோ.

வயர் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுவருக்குள் ஏற்கெனவே ஓடியிருந்த நெட்வேர்க் வயரின் ஒரு துண்டை வெட்டி, உள்ளிருந்த மெல்லிய கம்பியொன்றை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம். ஒரு சுரண்டலில் உள்ளே வெள்ளி போல் மின்னியது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர். இணையத்துக்கு மட்டும் பாவித்தால் ஒருவாறு ஓடிவிடும். அதே கம்பியில் மின்சாரமும் போகும்போது தடை கூடி, முனைகள் சூடேறி, உப்புக்காற்றில் அலுமினியம் பூத்து, தொலைபேசி காரணமில்லாமல் அணைந்து எழும். முழுச் செம்பு வயரைத் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். கடையில் பெட்டியைக் கையில் தூக்குங்கள், சந்தேகமென்றால் ஒரு முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி கோபிக்க மாட்டார்.

எல்லாம் பூட்டியபின் முதல் நாளே ஒரு முறைப்பாடு. "காக்கா, அவங்களுக்கு நான் பேசுறது கேக்குது, எனக்கு ஒண்டும் கேக்குதில்ல." இன்னொரு மேசையில் அழைப்பு சரியாக அரை நிமிடத்தில் அறுந்தது. இரண்டும் கருவியின் கோளாறு இல்லை. பல ரவுட்டர்களில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்றொரு வசதி இருக்கும். உதவுவதாக எண்ணிக்கொண்டு குரல் அழைப்பின் முகவரிகளைத் திருத்தும். திருத்தியதில் குரல் வழிதவறும். அரை நிமிடக் கணக்குக்கும் காரணம் உண்டு. 2002இல் வெளியான எஸ்.ஐ.பி. விதிமுறைப்படி, அழைப்பை எடுத்த கருவி தன் பதிலுக்கு ஒப்புதல் வரும்வரை அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி, காத்திருக்கும். வராவிட்டால் அழைப்பை முடித்துவிடும். ஆகவே 32ஆம் வினாடியில் அறும் அழைப்பைக் கண்டால் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், ஏ.எல்.ஜி.யை அணையுங்கள். பைபர் பெட்டியிலும் ரவுட்டரிலும், இரண்டிலும். வெளியே எடுக்க முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் சில நிமிடத்துக்குப் பின் வருவதில்லை என்றால், தொலைபேசி சேர்வரைத் தட்டி எழுப்பும் இடைவெளியை 30 வினாடிக்குக் குறையுங்கள். 4ஜியை மாற்று வழியாக வைக்கும்போது இது கட்டாயம். அங்கே பலருக்குப் பொதுவான ஒரே முகவரிக்குப் பின்னால்தான் நாம் நிற்கிறோம். ஹெக்ஸின் பக்கவாட்டு யு.எஸ்.பி. துவாரத்தில் ஒரு 4ஜி டொங்கிள் செருகி, பைபர் லைன் அறுந்தால் தானாக மாறும்படி வைத்தேன். மாறும்போது நடக்கிற பேச்சு அறுந்துவிடும். மறுபடி எடுத்தால் போகும். நீண்ட மின்தடையில் கோபுரங்களின் பெட்டரியும் இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகளை விற்பவர்கள் சிலர் ஆசை காட்டுகிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் நம்மவர்களின் அழைப்புகளை இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர் சிம்மில் இறக்கிப் பணம் பார்க்கலாம் என்பது அந்த ஆசை. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதைக் கண்காணிக்கிறது. உங்கள் நிறுவனத்துக்குள் கிளையையும் தலைமையகத்தையும் இணைத்துப் பேசுவது வேறு விடயம். கருவிகளை ஆணைக்குழுவின் அங்கீகாரத்தோடு, பில் தரும் கடையில் வாங்குங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். இணையத்தில் 5060 துவாரத்தைத் தட்டிப்பார்த்துக்கொண்டே திரியும் திருட்டு நிரல்களுக்கு ஊர் பேர் தெரியாது.

இதைவிட முக்கியமானது அவசர அழைப்பு. மேசைத் தொலைபேசியில் 119 அல்லது 1990 எடுத்தால் அந்த அழைப்பு கொழும்புச் சேர்வர் வழியாக, கொழும்பு எண்ணோடு வெளியேறும். எடுப்பவர் எங்கே இருக்கிறார் என்று மறுமுனைக்குத் தெரிய வழியில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்திருக்கும்போது, பதற்றத்தில் ஊர் பெயர் சொல்லவும் வாய் வராது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் இது. இங்கே ஓர் அலுவலகம் உதவி கேட்க முடியாமல் நிற்பதை நினைக்கவே என்னால் முடியவில்லை. ஒவ்வொரு டி31பி-யின் திரைக்குக் கீழும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: அவசரமென்றால் கைப்பேசியில் எடுக்கவும். அதோடு கட்டடத்தின் முழு விலாசமும், அருகிலுள்ள பள்ளிவாசலின் பெயரும். வசதியுள்ளவர்கள் 067 லைனை விட்டுவிடாமல் வைத்திருந்து, எச்டி801க்குப் பதில் எச்டி813 வாங்கலாம். அதில் உள்ளூர் லைனையும் செருகலாம். கருவிக்குக் கரண்ட் இல்லாத வேளையில் அது பழைய போனை நேரே அந்த லைனோடு இணைத்துவிடும். ஆனால் அந்த 067 லைன் பைபர் பெட்டியிலிருந்து வருகிறதென்றால், பைபர் பெட்டிக்கும் பெட்டரி இருந்தாலே இது பயன்படும்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் அலுவலகத்துக்கு: ஹெக்ஸ் ஒன்று, எச்டி801 இரண்டு, வயர் போன் இரண்டு, 12 வோல்ட் பெட்டரி ஒன்று. மேசைத் தொலைபேசியும் வயர்வழி மின்சார சுவிட்சும் வேண்டாம். நான்கு முதல் ஆறு பேர் நாள் முழுக்கப் பேசுகிறார்களென்றால் டி31பி, அதோடு வயர் ஹெட்செட். ஆறுக்கு நான்கு துவார சுவிட்ச் போதாது, எட்டுத் துவாரம் எடுங்கள். எந்தக் கணக்கிலும் ஹெக்ஸ் ஒன்று, எச்டி801 ஒன்று, சுருள் வயர் இரண்டு, அடாப்டர் ஒன்று கூடுதலாக அலுமாரியில் இருக்க வேண்டும். அலுமாரிச் சாவி கொழும்பு முகாமையாளரிடம் இருக்கக் கூடாது.